உண்மை என்று கையெழுத்திட்டேன்

மார்ச் 4
வங்கிக்குப் போனேன். மகளுடைய வெளிநாட்டுப் படிப்புக்குப் பாதிக் கட்டணம்தான் கடனாகத் தருவார்களாம். மீதிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இதோடு சரி. கடன் அதிகாரி என் பணிச் சான்றிதழைப் புரட்டினார். "இருபத்திரண்டு வருஷம் ஒரே ஆஸ்பத்திரி. லீவே போட்டதில்ல போல! உங்க கையெழுத்துக்குக் கண்ண மூடிட்டுக் கொடுக்கலாம் சிஸ்டர்." பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 11
உதவித்தொகைக்குக் குடும்பச் சூழல் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். பெற்றோர் படித்து, உண்மை என்று கையெழுத்திட வேண்டும். அவள் அப்பா போய்ப் பதினாறு வருடம். நான்தான் போட வேண்டும்.
"படிக்காமலே போட்டுடேன்மா" என்றாள். படித்தேன்.
'ஒன்பது வயதில் எனக்குக் காய்ச்சல். அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனார். சாயங்காலம் வரை கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தனியாக இருக்க அன்றுதான் கற்றுக்கொண்டேன்.'
"இப்படி எழுதினாத்தாம்மா கொடுப்பாங்க. மூஞ்சிய அப்படி வச்சுக்காத."
"அப்போ பொய்யா?"
பேனாவை நீட்டினாள். கையெழுத்திட்டேன்.

மார்ச் 12
அந்த வருட டைரியைத் தேடி எடுத்தேன். ஜூலை 19: 'பாப்பாவுக்கு 102. லீவு கேட்டேன், தரவில்லை.' அவ்வளவுதான். அதற்குக் கீழே, வார்டில் இருந்த ஆறு குழந்தைகளின் காய்ச்சலும் வரிசையாக இருக்கிறது. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று யாரும் என்கிட்ட சொல்லலையே — நான் கேட்டேனா?

மார்ச் 13
டைரியை அவளிடம் காட்டவில்லை. அவள் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

மே 20
கிடைத்துவிட்டது. அந்த ஒரு பக்கம் தேர்வுக் குழுவை மிகவும் தொட்டதாம். வார்டில் எல்லோரும் கைகொடுத்தார்கள். "பொண்ண நல்லா வளத்திருக்கீங்க சிஸ்டர்."

ஆகஸ்ட் 30
அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 8
காலையில் போனில் அவள் குரல் கட்டியிருந்தது. "நூத்தி ரெண்டும்மா. மாத்திரை போட்டாச்சு." உடனே வார்டுக்குச் சொல்லி லீவு கேட்டேன். இந்த முறை மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். திரும்பக் கூப்பிட்டு, "இன்னிக்குப் பூரா உன்கூட லைன்லயே இருக்கேன்டா" என்றேன்.
"எதுக்கும்மா? எனக்குத்தான் பழக்கமாச்சே. நீ டூட்டிக்குப் போ."
கோபமில்லை. அன்பாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.
சாயங்காலம் ஆகிவிட்டது. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.