முதல் பதிப்புக்கு வைத்த பொட்டு

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு, சட்னி ஃப்ரிட்ஜ்ல. நீங்க சேக்குற பேய்க்கதைப் புத்தகத்துல அடுத்தது இன்னைக்குக் கூரியர்ல வருதாம், பத்து மணி வரைக்கும் வெளிய கெளம்பிராதீங்க.

சரஸ்வதி பூசைக்கு எல்லாப் புத்தகத்துக்கும் வைக்கிற மாதிரித்தான் முன்னாடி வந்த பேய்க்கதைப் புத்தகத்தோட அட்டையிலயும் சந்தனம் குங்குமம் வெச்சேன். நூறே பிரதி போட்ட முதல் பதிப்பு, எழுதினவரே கையெழுத்துப் போட்டதுன்னு எனக்கு யார் சொன்னா? மூணு நாளா மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க. சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு.

இலுப்பூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்.

சுபஸ்ரீ

பொட்டை ஈரத்துணியால தொடைக்காதீங்க, கறை பரவிரும்.

இன்னொண்ணு. எழுதினவர் கை பட்டதாலதான் அந்தப் புத்தகத்துக்கு மதிப்புங்கறீங்க. பதினோரு வருசமா உங்க புத்தக அலமாரியைத் தூசி தட்டுறது என் கைதான்.