கோடு தெரிகிற பக்கம்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் கட்டிங் மேசை.

பூந்தமல்லி யூனிட்டில் எட்டு வருடம் தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடந்ததில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. இனி உட்கார்ந்து தைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போச்சு என்று கேன்டீனில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் சுப்பராயன் வந்து, "நின்னுகினு செய்யற வேலை எங்கிட்ட கீதும்மா, வர்றியா?" என்றார். அந்த மேசையில் இதுவரை ஒரு பெண் நின்றதில்லை. மானேஜரிடம் இவரே பேசி அனுமதி வாங்கியிருக்கிறார்.

இரண்டு வாரம் பார்ப்பார்கள். 21ஆம் தேதி மானேஜர் முன்னால் ஒரு சாம்பிள் வெட்டிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை. வராவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மாஸ்டர் நல்லா இருக்கணும்.

ஜூன் 10, செவ்வாய்

கோணல். எல்லாமே கோணல்.

மெஷினில் இருந்தவரை நான் இடதுகைக்காரி என்பது யாருக்கும் தெரியாது. மெஷினுக்கு இரண்டு கையும் ஒன்றுதான். கத்திரி அப்படி இல்லை. வலது கைக்குச் செய்த கத்திரியை நான் இடது கையில் பிடித்தால் மேல் பிளேடு சாக்பீஸ் கோட்டை மறைத்துவிடுகிறது. கட்டை விரலை உள்பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் வெட்டவே செய்யும், இல்லாவிட்டால் துணி நடுவில் மடிந்துகொள்ளும். பதினெட்டு வயதில் தையல் பழகியபோதே இந்த வித்தையைக் கற்றுக்கொண்டேன். வீட்டில் ஒரு ஜாக்கெட் வெட்ட அது போதும். இங்கே நூல் பிசகக் கூடாது.

பக்கத்தில் வெட்டுகிற பூபாலன் சும்மா இருப்பானா? "இன்னாக்கா, பீச்சாங்கையில வெட்டுறியே, துணி கோச்சிக்கப் போவுது."

"உன் மூஞ்சியப் பாத்தே கோச்சிக்கல, என் கையப் பாத்தா கோச்சிக்கப் போவுது?" என்றேன். மேசையே சிரித்தது. சிரித்துவிட்டுத் திரும்பினால் என் துணியில் இன்னொரு கோணல்.

ஜூன் 13, வெள்ளி

இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் அளவு பார்க்கிற வேலை இவருக்கு. நட்டு போல்ட்டு மாதிரியே மனிதர்களையும் பார்ப்பார்.

"டூலு சரியில்லாம ஆளைத் திட்டி இன்னா பிரயோஜனம்? லெஃப்ட் ஹேண்டுக்குத் தனியா கத்திரி இருக்கும், தேடணும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எனக்குன்னு தனியா உலகத்தையே செஞ்சி வைப்பாங்களா? கரண்டி, தோசைத் திருப்பி, அருவாமனை எல்லாத்தையும் இந்தக் கையாலதான் புடிக்கிறேன். எது நின்னு போச்சு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் சொன்னதும் பொய்யில்லையே? அருவாமனை யார் கைக்கும் பேதம் பார்க்காது. கரண்டியும் அப்படித்தான். கல்யாண வீட்டில் இடது கையால் தாம்பூலம் வாங்கிவிட்டு முறைப்பு வாங்கியதெல்லாம் ஜனங்களோடு வந்த தொல்லை, சாமானோடு வந்ததில்லை. ஆனால் கத்திரி? கத்திரி விஷயத்தில் அவர் சொன்னது சரிதானோ? ஒத்துக்கொள்ள மாட்டேன், இன்றைக்கு மட்டும்.

ஜூன் 16, திங்கள்

பார்சல் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆர்டர் போட்டிருக்கிறார் மனுஷன். கறுப்புப் பிடி போட்ட பெரிய துணிக் கத்திரி. பிளேடு இரண்டும் இடம் மாறி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இடது கைக்காரங்களுக்குன்னே செஞ்சதாம். புடிச்சிப் பாரு, புடிச்சிப் பாரு." ஃபேக்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நிற்கிறார்.

பிடித்தேன். பிடி கையில் அப்படியே உட்கார்ந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்தக் கையை மாற்றச் சொன்னவர்கள் உண்டு, அடித்தவர்கள் உண்டு. இந்தக் கைக்கென்று ஒரு பொருள் வாங்கித் தந்தவர் இவர் ஒருவர்தான். அழுதுவிட்டேன். "அட, இன்னாத்துக்கு அழுவுற லூசு?" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

அந்தக் கத்திரியில் எனக்கு வெட்டவே வரவில்லை.

ஜூன் 18, புதன்

கோளாறு கத்திரியில் இல்லை, எனக்குள்தான். கட்டை விரல் இருபது வருடப் பழக்கத்தில் உள்பக்கமாகவே இழுக்கிறது. இந்தக் கத்திரியில் அப்படி இழுத்தால் பிளேடு விலகித் துணியை மென்று துப்புகிறது. கண்ணும் பழைய பக்கமே கோட்டைத் தேடுகிறது. பத்து முறை முயன்றுவிட்டுப் பழைய கத்திரியையே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "எப்டி கீது?"

"சூப்பர்ங்க. வெண்ணெய் மாதிரி போவுது."

ஏன் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல? ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டார் போல. எதிர்வீட்டு ஜெயகுமாரி கத்திரியைப் பார்க்கவே வந்தாள். அவளிடமும் வெண்ணெய் என்றேன். ஒரு பொய்க்கு எத்தனை வீடு!

ஜூன் 21, சனி

எழுதவே கை வரவில்லை.

காலையில் இவரே பைக்கில் கொண்டுவந்து இறக்கினார். புதுக் கத்திரியைத் துணியில் சுற்றி, தானே என் பையில் வைத்தார். மெஷின் லைனில் என் பக்கத்து சீட்காரி ஜமீலாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். "ஷைலாக்கா, பழசயே எடு, அல்லா மேல ஆணையா சொல்றேன், பழசயே எடு" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சரி என்றுதான் தலையாட்டினேன். மேசைக்குப் போனதும் மனசு கேக்கல. அவரு ஆசையா வாங்கிக் குடுத்தத பையிலயே வெச்சிட்டு எப்புடிப் பழசத் தொடறது?

புதுசை எடுத்தேன். வெட்டச் சொன்னது நர்ஸ் போடுகிற கோட்டு. முதுகுப் பக்கம் எப்படியோ ஒப்பேறியது. கை வளைவில் துணி மடிந்து, கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை உள்ளே போய்விட்டது. மானேஜர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் கத்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எத்தினி நாளு பழகுன?"

"ரெண்டு நாளு, மாஸ்டர்."

"ஏம்மா, புதுச் செருப்பு போட்டுகினு எவனாவது வேளாங்கண்ணிக்கு நடப்பானா? பரீட்சைல போயி இத எடுப்பியா நீ? அறிவு வாணாம்?" நன்றாகத் திட்டினார். திட்டிவிட்டு நேராக மானேஜர் ரூமுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது, அவர் குரல் மட்டும் பெரிதாகக் கேட்டது. வெளியே வந்து சொன்னார்: ஜூலை 12, இன்னொரு தடவை. அதுதான் கடைசி.

மாஸ்டருக்கு நான் என்ன செய்துவிட்டேன், எனக்காக இப்படிச் சண்டை போட?

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெண்ணெய் என்றது பொய், சாம்பிள் போனது நிஜம்.

நின்று என் பக்கம் திரும்பினார்.

"நான் கத்திரியத்தான வாங்கிக்கினு வந்தேன், கையவா வாங்கிக்கினு வந்தேன்? அளவு பாக்கற கேஜ் ஒண்ணு புச்சா வந்தா நாங்களே ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுப்போம். வரலன்னு அன்னிக்கே சொன்னா நான் இன்னா கோச்சிக்கப் போறனா?"

"உங்க மூஞ்சி வாடிடுமேன்னு..."

"இப்ப உன் மூஞ்சிதான் வாடிக் கெடக்குது. பொய் சொன்னதுக்கு ஒரு வாரம் நான் போடற காப்பியத்தான் நீ குடிக்கணும்."

அது பெரிய தண்டனைதான். நடுத்தெருவில் சிரித்துவிட்டேன்.

ஜூன் 25, புதன்

பழைய கத்திரியை ஜமீலாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லிவிட்டேன். கண்ணில் பட்டால் கை அதற்குத்தான் போகும்.

பழைய பேப்பரில் வெட்டிப் பழகு என்று இவர் கட்டுக்கட்டாக எடுத்து வைத்தார். ஐயோ! துணிக் கத்திரியில் பேப்பர் வெட்டினால் முனை மழுங்கிவிடும், அந்த ஃபேக்டரி மூளைக்கு இது தெரியவில்லை. யூனிட்டில் கழிவுத் துணிக்குப் பஞ்சமா? சாப்பாட்டு நேரத்தில் ஜமீலா துண்டு துண்டாக எடுத்து வந்து வளைவு வளைவாகச் சாக்பீஸில் வரைந்து தருகிறாள். நான் வெட்டுகிறேன். அவள் சாப்பாடு ஆறிப்போகிறது. சொன்னால் கேட்பதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கட்டை விரல் இன்னும் பேச்சைக் கேட்கவில்லை. காப்பித் தண்டனை முடிந்தும் அவர்தான் போடுகிறார். அதுவும் தேறவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கோடு தெரிந்தது.

மத்தியானம், ஒரு கழுத்து வளைவு. கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பார்க்கிறேன், பிளேடுக்கு ஓரமாக, வெள்ளையாக, சாக்பீஸ் கோடு. முழுசாக. நான் எட்டிப் பார்க்கவில்லை, கழுத்தைச் சாய்க்கவில்லை. நேராக நின்று பார்க்கிறேன், தெரிகிறது.

எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமா? பூபாலனுக்கு, மாஸ்டருக்கு, எனக்குத் தையல் சொல்லித் தந்த சுசீலா டீச்சருக்கு? வெட்டும்போதே கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் வெட்டினார்களா? இருவது வருஷமா நான் தெரியாத கோட்ட இல்ல வெட்டிக்கினு இருந்தேன்! அதுக்குத் திட்டு வேற வாங்கினேன், என் கைதான் கோணல்னு நானே நம்பிக்கினு இருந்தேன்.

கத்திரியை வைத்துவிட்டு ஜமீலாவைக் கட்டிக்கொண்டேன். பயந்துவிட்டாள்.

ஜூலை 12, சனி

அதே நர்ஸ் கோட்டு, அதே மானேஜர். கை வளைவு கோட்டோடு வந்தது. டேப்பை வைத்து மூன்று இடத்தில் அளந்தார். "திங்கக்கெழமையிலேர்ந்து இங்கயே வந்துடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான். பூபாலன் விசில் அடித்துத் திட்டு வாங்கினான்.

மாஸ்டருக்கு நன்றி சொல்லப் போனால், "போம்மா, போயி வேலையப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தத்துக்கு நடுவில் யாரிடமோ கத்திச் சொல்வது கேட்டது. ஜமீலாவுக்கு இரண்டு வாரச் சூடான சாப்பாடு பாக்கி. ஆண்டவரே, இத்தனை பேரை எனக்கு எதற்காகக் கொடுத்தீர்?

ஆகஸ்ட் 18, திங்கள்

கட்டிங் மேசைக்கு இன்று இரண்டாவது பெண் வந்தாள். எழிலரசி. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வருகிறாள், பயந்த சுபாவம், நல்ல வலதுகைக்காரி.

மாஸ்டர் கூப்பிட்டார் என்று உள்ளே போய்விட்டுத் திரும்பினால் அவள் கண் கலங்கி நிற்கிறாள். வெட்டின துணி கடித்துக் குதறினது போல இருந்தது. பூபாலன் வாயைத் திறக்கப் போனான், முறைத்தேன்.

"என் கைதான் சரியில்லக்கா. எனக்கு இந்த வேலை வராது போல."

அவள் கையில் இருந்தது என் கத்திரி. மேசையில் கிடந்ததை, பாவம், தெரியாமல் எடுத்திருக்கிறாள்.

"உன் கைக்கு ஒரு கொறையும் இல்ல" என்று அதை வாங்கிக்கொண்டு, பூபாலனின் கத்திரியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "இப்ப பாரு. கோடு தெரியுதா?"

குனிந்து பார்த்தாள். "தெரியுதுக்கா."

"அப்ப வெட்டு."