மணல் டாலர் எடுக்கக் கடலில் இறங்கிய அத்தைக்கு

சண்டை போட ஒரு தடவைகூட எனக்குச் சந்தர்ப்பம் தராமலே போய்விட்ட என் அத்தைக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமா போன வாரம் மோட்டார் கொட்டகைக்குப் போகும்போது வரப்பில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். கட்டோடேயே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறார், சொன்னால் கேட்பதில்லை. உங்கள் மகனுக்குப் பழையபடி தடா பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சாத்து இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் எழுதுகிறாள், வீட்டில் தமிழில் சண்டை போடுகிறாள். சாத்விகா என்ற பெயர் உங்கள் வாயில் நுழையாமல் நீங்கள் சுருக்கி வைத்த பெயர்தான் ஊர் முழுக்க நிலைத்துவிட்டது.

உங்களிடம் சொல்ல ஒரு சேதி வைத்திருக்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கடல் மணலில் வாழ்கிற மணல் டாலரும் கடல் பிஸ்கட்டும் பங்காளிகள் என்று நான் உங்களுக்குச் சொன்னேன் இல்லையா, அது தப்பாம் அத்தை. தட்டை உடம்பு, முதுகில் ஐந்து இதழ், ஓட்டுக்குள்ளே தாங்குதூண்கள் என்று சாயலைப் பார்த்து இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். என் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. இப்போது மரபணுவைப் படித்துப் பார்த்தால், மணல் டாலருக்கு நெருங்கிய சொந்தம் அதன் சாயலே இல்லாத, முட்டை மாதிரி உப்பிய வேறொரு கூட்டம் என்று தெரிகிறதாம். பன் ரொட்டி மாதிரி தடித்த அந்தக் கடல் பிஸ்கட் தூரத்துச் சொந்தமாகிவிட்டது. இதைப் படித்த அன்றைக்கு உங்களைத்தான் தேடினேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

நமக்குள் பேச்சு ஆரம்பித்ததே அந்தப் பிராணியால்தான். கல்யாணமாகிப் பிச்சாட்டூர் வந்தபோது நான் திருப்பதியில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வாரக்கடைசியில் ஹாஸ்டலிலிருந்து வருவேன், சமைத்து வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் என் பையிலிருந்து வெள்ளையாக ஒரு ஓடு கீழே விழுந்தது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். மணல் டாலர் என்று சொன்னேன்.

"செயின்ல கோக்கிற டாலராமே இது? வளையம் எங்க?"

கழுத்து டாலர் இல்லை, கடலில் வாழ்கிற ஒரு பிராணியின் எலும்பு மாதிரி என்று விளக்கினேன். உயிரோடு இருக்கும்போது வெல்வெட் மாதிரி குட்டைக் குட்டை முட்கள் மூடியிருக்கும், அந்த முட்களை அசைத்துத்தான் மணலுக்குள் நகரும், செத்து வெயிலில் கிடந்தால்தான் இப்படி வெளுக்கும் என்றேன். முதுகில் தெரிகிற ஐந்து இதழ் பூவைக் காட்டினீர்கள். அது அலங்காரம் இல்லை, அந்தத் துளைகள் வழியாக வரும் மெல்லிய குழல்களால்தான் அது மூச்சு விடும் என்றேன். வாய் அடிப்பக்கம் நடுவில். கழிவு வாயும் அதே அடிப்பக்கத்தில்தான், ஓரமாக. இதைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

"முதுகுல மூச்சு வுட்டுகினு, வயித்துல துன்னுகினு கீதா?"

அப்புறம் அதற்குச் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டீர்கள். கடல் முள்ளெலி என்று ஒன்று, உருண்டையாக நீள முள்ளோடு இருக்கும், அந்த வீட்டில் பிறந்ததுதான் இது என்றேன். நட்சத்திர மீனும் கடல் அட்டையும் அதே பெரிய குடும்பம், முட்தோலிகள் என்று பெயர் என்றேன். பங்காளியா, பொண்ணு கொடுத்து எடுத்த சம்பந்தியா என்று கேட்டீர்கள். என் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி அது. வகைப்பாடு என்பதே பங்காளிகளைத் தேடுகிற வேலைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாம் வருஷம் ப்ராஜெக்ட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். நம் கரையில் கிடைப்பது பின்பக்கம் இரண்டு வெட்டு விழுந்த வகை. காதுள்ளது என்று அதற்கு லத்தீனில் பெயர். எந்த மாதத்தில் அது முட்டை விடுகிறது என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் ஒரே இடத்தில் கடல் வற்றும் நேரத்தில் இறங்கிச் சிலவற்றை எடுத்து, ஸ்பிரிட்டில் போட்டு, திருப்பதிக்குக் கொண்டுவந்து அறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் வரிசை அறுந்துபோகும் என்று எங்கள் மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

பாதியில் நான் கர்ப்பமானேன். டாக்டரம்மா அலையில் நிற்கக் கூடாது என்றார். நகரியிலிருந்து என் அம்மா போன் செய்து, படிப்பெல்லாம் போதும் என்றார். உங்கள் மகன் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என்னோடு படித்த எத்தனை பேருடைய அடுத்த வருஷம் வராமலே போயிருக்கிறது. நீங்கள் மட்டும் மல்லாட்டையை உரித்து நிலக்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். முறத்தைத் தட்டி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டீர்கள். தண்ணீருக்குள் யார் இறங்கி எடுத்தாலும் செல்லுமா என்று. செல்லும் என்றேன்.

"அப்போ நான் எறங்குறேன். நீ கரையில குந்திகினு எது வேணும்னு சொல்லு."

விடியற்காலை முதல் பஸ். காளஹஸ்தியில் மாறி, நாயுடுப்பேட்டை போய், அங்கிருந்து ஆட்டோ. அதற்கு முன் கடலை நீங்கள் ஒரு தடவைதான் பார்த்திருந்தீர்கள், அதுவும் சென்னையில் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தூரத்திலிருந்து. ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே அலை சின்னதாக இருக்கிற இடத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்று நடப் போகிறவர் மாதிரி நிதானமாக இறங்கினீர்கள். காலால் மணலைத் துழாவச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தீர்கள்.

நீங்கள் பார்த்திருந்தது வெள்ளை ஓடு. உள்ளங்கையில் இருந்ததோ பழுப்பும் ஊதாவுமாக, ஈரமாக, முட்களெல்லாம் காற்றடித்த புல் மாதிரி அலைந்துகொண்டிருந்த ஒன்று. "நடக்குதுமே, கையில நடக்குது" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

நான் ஸ்பிரிட் டப்பாவைத் திறந்து கையை நீட்டினேன். நீங்கள் கொடுக்கவில்லை.

"வயித்துப் புள்ளக்காரி நீ. ஒரு உசுரை நீ எடுக்கக் கூடாது. டப்பாவ இப்டி குடு. பாவம்னு ஒண்ணு இருந்தா என் மேல வரட்டும்."

நான் அறிவியல் படிக்கிறவள். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நீங்கள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டீர்கள். கோழி அறுக்கும்போது நீங்கள் முகத்தைத் திருப்பி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் போனோம். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுப் பெண்கள் என் வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஜோசியம் சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் டப்பாவைக் காட்டி, இதில் எது ஆண் எது பெண் சொல்லு பார்ப்போம் என்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அறுத்து உள்ளே முட்டையைப் பார்த்தால்தான் உண்டு என்று நான் சொன்னதிலிருந்து உங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். திரும்பி வரும்போது காளஹஸ்தியில் கோபுர வாசல்வரை என்னை அழைத்துப் போய், வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். கூட்டம் என்பதால் என்று நினைத்துக்கொண்டேன். அது காரணமில்லை, உயிரெடுத்த கையோடு உள்ளே போகக் கூசினீர்கள் என்று பின்னால்தான் தோன்றியது.

கடைசி மாதத்துச் சேகரிப்பு முடிந்த கொஞ்ச நாளில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. திருப்பதியில் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். மாதம் நிறையாத குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குருவிக்குஞ்சு மாதிரி கிடந்தது. பார்க்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, வாயும் வயிறுமாக இருக்கும்போது கடலில் போய் ஜீவனைக் கொன்றால் வேறென்ன ஆகும் என்று வார்டு வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உங்கள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

மறுநாள் என் கட்டிலருகில் நின்று கேட்டீர்கள்.

"நான்தானே போட்டேன். என் மேலதானே வரணும். கொழந்த மேல ஏன் வந்துது?"

ரத்த அழுத்தத்தால் வந்தது, கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மாவே உங்களிடம் சொன்னார். தலையை ஆட்டினீர்கள். நம்பினீர்களா அத்தை? அதைத்தான் நான் கடைசிவரை கேட்கவில்லை.

குழந்தையை யாராவது நெஞ்சோடு தோல் படும்படி கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சூடு பிடிக்கும், எடை கூடும் என்றார் நர்ஸ். எனக்கோ காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. நீங்கள் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். காய்ச்சல் விட்டு என்னைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனபோது, உங்கள் நெஞ்சில் துணிக்குள்ளிருந்து அவள் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே, அந்த மணல் டாலருக்குக் குஞ்சு எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள்.

அது தாயைப் போல இருக்கவே இருக்காது என்று சொன்னேன். கண்ணாடி மாதிரி, கண்ணுக்கே தெரியாத அளவில், நீள நீளக் கைகளோடு கடலில் மிதந்துகொண்டிருக்கும். தட்டையும் இல்லை, பூவும் இல்லை. அதன் உடம்புக்குள் இடதுபக்கத்தில் ஒரு சின்ன வட்டம் வளரும். அந்த வட்டம்தான் பின்னால் மணல் டாலராகும். பல நாள் அப்படியே மிதக்கும். கீழே மணலில் வளர்ந்த மணல் டாலர்கள் இருந்தால், அவை தண்ணீரில் விடுகிற ஏதோ ஒன்று அதற்குத் தெரியும். தெரிந்ததும் கைகளை உதறிவிட்டு இறங்கி மணலில் உட்கார்ந்துவிடும்.

"பெரியவங்க வாசன வந்தாத்தான் எறங்குமா?"

"ஆமா அத்தே."

துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டீர்கள். அதன் பிறகு, என் முறை வரும்போதுகூட உங்களிடமிருந்து அவளை வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. அன்று மாலை சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள்.

அவள் பிழைத்தாள். எடை ஏறியது, வீட்டுக்கு வந்தாள். என் வைவா தேர்வு அன்றைக்கு அவளை மடியில் போட்டுக்கொண்டு டிபார்ட்மென்ட் வராந்தாவில் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மேடம் வெளியே வந்து, "பரவாலேதம்மா, பாக செப்பிந்தி" என்று, நான் நன்றாகவே பதில் சொன்னதாக உங்களிடம் தெலுங்கில் சொன்னார். மாதிரிகளை மியூசியத்தில் வைக்கும்போது பாட்டிலில் ஒட்டுகிற சீட்டில் இடம், மாதம், சேகரித்தவர் பெயர் எழுத வேண்டும். சரோஜம்மா என்று எழுதினேன். உங்களைக் கூட்டிப் போய்க் காட்டினேன். பெருமைப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பாட்டிலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என் பேரை எதுக்கு அதுங்ககூடப் போட்ட என்று கேட்டீர்கள். அது வருத்தமா, கூச்சமா? இன்றைக்கும் டிபார்ட்மென்டுக்குப் போய் அந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னீர்கள். திருப்பதி போய்ச் சேருவதற்குள் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். சாத்துவின் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தேனா என்று வண்டியில் ஏறும்போது கேட்டதுதான் கடைசிப் பேச்சு.

இத்தனை நாளும் புத்தூரில் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது பிஎச்.டி.க்குத் திருப்பதியில் இடம் கிடைத்திருக்கிறது. நம் கரை மணல் டாலர்களில் யாருக்கு யார் பங்காளி என்று மரபணு வழியாகப் பார்க்கிற வேலை. உங்கள் மகன் இந்தத் தடவை அடுத்த வருஷம் என்று சொல்லவில்லை. லீவு போட்டுக்கொண்டு கூட வருகிறேன் என்கிறார்.

அடுத்த மாதம் முதல் பயணம். நானே தண்ணீரில் இறங்கப் போகிறேன். இப்போது எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை அத்தை. இரண்டு மூன்று முட்களைக் கிள்ளி எடுத்துக்கொண்டு திரும்ப மணலில் விட்டுவிடலாம், அதுபாட்டுக்குப் போய்விடும். ஆனாலும் அடையாளத்துக்கென்று ஒன்றிரண்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். அவற்றை என் கையாலேயே போடுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு நீங்கள் போட்டவையும் என் வேலைக்காகத்தானே? நீங்கள் இருக்கிற இடத்தில் அதைப் பற்றி யாராவது கேட்டால், கூசாமல் என் பெயரைச் சொல்லுங்கள். நான் ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்,
சாத்துவின் அம்மா,
கோமதி