சித்தியின் ஒற்றைப் பின்னல்

அன்புள்ள தவளைக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. நேரமில்லாமல் இல்லை, நாலு தடவை பதில் எழுதி நாலையும் கிழித்துப் போட்டேன், எல்லாம் வசவாகவே வந்தது. இதுவும் அப்படித்தான் வரும் போலிருக்கிறது, ஆனால் இனிமேல் கிழித்துப் போட நாள் இல்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அப்பா வந்து போனைப் பிடுங்கி வைக்கிறார். அதனால் எழுத்திலேயே கேள்.

“சித்தியை விட்டுடுங்கம்மா, போனவங்களைத் திரும்பத் திரும்ப இழுத்து வந்து நிறுத்தாதீங்க” என்று எழுதியிருந்தாய். யாரிடம் விடச் சொல்கிறாய் கண்ணு? என் தங்கை தானாகப் போனவள் இல்லை. எட்டு வருஷம் அந்த மருந்துக் கிடங்கில் ஸ்டோர் பார்த்தவள், தேதி முடிந்த பெட்டிகளின் மேல் புதுத் தேதி ஒட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள், திங்கட்கிழமை மேலிடத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்று மேனேஜரின் முகத்துக்கு நேரே சொன்னாள், சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கிடங்கின் பின்னறையில் பிணமாகக் கிடைத்தாள். ஞாயிறு மத்தியானத்துக்குள் தூக்கு, தற்கொலை என்று எழுதி முடித்துவிட்டார்கள். காரணம் என்ன எழுதினார்கள் தெரியுமா, முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாத மனவருத்தம். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, அக்கா வீட்டுக்காரர் மாதிரி குறட்டை விடாத ஆளா இருந்தா சொல்லுங்க என்று உன் அப்பாவை வைத்துக்கொண்டே சொல்வாளே, அவளுக்கா மனவருத்தம்? எட்டு மாதமாக இந்த ஒரு வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், நீ மறுபடி விட்டுவிடச் சொல்லக் கூடாது என்பதற்காக. பெட்டி தூக்கித் தூக்கி அவளுக்குத் தோள்பட்டை இறுகிப் போயிருந்தது. வலது கை தோளுக்கு மேல் ஏறாது, அதற்கு ஈடு கொடுத்துக் கொடுத்து இடதும் பாதிக்கு மேல் போகாது. நாலு மாதம் தினமும் காலையில் நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். சட்டை மாட்டவே என்னைக் கூப்பிட்டவள், தலைக்கு மேலே அவ்வளவு உயரத்தில் இருந்த குழாய்க்குத் தன் கையைக் கொண்டுபோனாள் என்கிறார்கள். இன்ஸ்பெக்டரிடம் சிகிச்சைச் சீட்டைக் காட்டினேன். சாகணும்னு முடிவு பண்ணிட்டா வலி தெரியாதும்மா என்றார். வலி தெரியாமல் போகலாம், கை எப்படி ஐயா மேலே போகும், துருப்பிடித்த கீல் வருத்தப்பட்டால் திறந்துகொள்ளுமா என்று கேட்டேன். டீ ஆறிப்போகுது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, அப்பாவிடமே இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னேன். அன்றைக்குப் பிணவறையில் அடையாளம் காட்ட என்னை உள்ளே விட்டார்கள். அங்கே இருந்த ஊழியர் பாவம் பார்த்து, பத்து நிமிஷம் இருங்கம்மா என்று வெளியே போய் நின்றுகொண்டார். அவளுடைய தலைமுடி உச்சியில் கொண்டையாக முடிந்திருந்தது, இறுக்கமாக. காலையில் நான் போட்டுவிட்டது ஒற்றைப் பின்னல், நுனியில் உன்னுடைய பழைய நீல ரப்பர் பேண்ட். பார்த்தேன், என்னவோ போலிருந்தது, ஆனால் அந்த நேரத்தில் எனக்கு மூளை எங்கே வேலை செய்தது? இப்படியா அனுப்புவது என்று அந்தக் கொண்டையை அவிழ்த்து, விரலாலேயே சிக்கெடுத்து, மறுபடி பின்னிவிட்டேன். நாலு மாதப் பழக்கம் பார், கை தானாகப் போய்விட்டது. வெளியே வந்ததும் எட்டுத் தாள் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டால்தான் உடம்பைத் தருவோம் என்றார்கள், போட்டேன். இறப்பில் எங்களுக்குச் சந்தேகம் ஏதும் இல்லை என்று ஐந்தாவது தாளில் இருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் போஸ்ட்மார்ட்டம். அந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா, தலைமுடி ஒற்றைப் பின்னலாக, கலையாமல் இருந்தது என்று. அதையே எடுத்து வைத்துக்கொண்டு, பின்னல்கூடக் கலையவில்லை பாருங்கள், போராட்டம் ஏதும் நடக்கவில்லை என்று நம் முதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். என் தங்கைக்கு நான் ஆசையாகப் போட்ட பின்னல், அவளைக் கொன்றவனுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். “படிச்சவங்கதானே நீங்க, படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்டார். டிகிரி வாங்கி என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

வக்கீலம்மா ஆபீஸ் பெஞ்சில் ஒரு போஸ்ட்மேன் பெரியவர் எங்களோடு உட்கார்ந்திருப்பார். அவர் மகனையும் இப்படித்தான் கிணற்றில் விழுந்தான் என்று எழுதி மூடியிருக்கிறார்கள், நாலு வருஷமாக அலைகிறார். ஃபைலைப் பிடிக்காதேம்மா, போட்டோ எடுத்தவனைப் பிடி என்று அவர்தான் சொன்னார். விசாரித்தால், ஸ்டேஷனுக்குப் போட்டோ எடுப்பவர் நம் பஸ் ஸ்டாப் ஸ்டூடியோக்காரர், கல்யாணத்துக்கும் அவர்தான், இதற்கும் அவர்தான். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று கதவைச் சாத்தினார். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, மறுநாள் போய் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் திரும்பினார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாம் நாள் ஸ்டூடியோக்காரர், அண்ணே இனிமே உங்க மூஞ்சியை எடுக்க எனக்குத் தெம்பில்லை என்று சொல்லி ஒரு கவரைக் கையில் கொடுத்துவிட்டார். ஆறு படம் எடுத்தாராம், ஃபைலில் நாலுதான் இருக்கிறது. மீதி இரண்டிலும் அந்தக் கொண்டை தெரிகிறது. யார் முடிந்தார்கள், எதற்காகக் கழுத்திலிருந்து முடியை ஒதுக்கினார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை, எழுதத்தான் கை வரவில்லை. அப்பா போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், எவ்வளவு இளைத்துவிட்டார் பார்.

மேல்கோர்ட்டில் மனு எடுத்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி விசாரணை. கொண்டையை அவளே போட்டுக்கொண்டாள், சீட்டு பழைய சீட்டு, தோள் அதற்குள் சரியாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்வார்களாம். இல்லை என்று நான் சொன்னால் எடுபடாது, சந்தேகமில்லை என்று கையெழுத்துப் போட்டவள்தானே நான். ஆனால் நீ பிசியோதெரபி படிக்கிறவள், நீதான் தினமும் காலையில் போனில் அவளுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாய், கை எவ்வளவு ஏறுகிறது என்று சனிக்கிழமை சனிக்கிழமை வீடியோ எடுத்து வைத்தாய். அந்தச் சனிக்கிழமையும் எடுத்தாய். நான் சீப்போடு பின்னால் நிற்கிறேன், தோள்வரை தூக்கிவிட்டு, இதுக்கு மேல வரமாட்டேங்குதுடி, சல்யூட் அடிக்கிற வேலைக்கு நான் லாயக்கில்லை என்று அவள் சிரித்தாள். அதைத் திறந்து பார்க்க உனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் விட்டுவிடச் சொல்கிறாய். எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள். ஆனால் நீ அழித்திருக்க மாட்டாய் என்பதும் தெரியும்.

அனுப்பி வைத்தால் போதாதாம், அந்தப் போனோடு நீயே வந்து சொன்னால்தான் நிற்கும் என்கிறார் வக்கீலம்மா. அந்த வாரம் உனக்குப் பரீட்சை. எனக்குத் தெரியாமலா எழுதுகிறேன். உன்னைப் பெற்ற இரண்டாம் மாதம் நான் கல்லூரிப் பரீட்சை எழுதினேன், பன்னிரண்டு வயது சித்தி ஹாலுக்கு வெளியே மூன்று மணி நேரம் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அன்றைக்கு அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை. ஒரு வார்த்தை சொல்லவில்லை, மார்க் ஷீட் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. படி படி என்று உன் உயிரை வாங்கிய நானே சொல்கிறேன், பரீட்சை அடுத்த தடவையும் வரும். வா.

வீடியோ இருப்பதை அங்கே யாரிடமும் மூச்சு விடாதே, கூட இருக்கும் பெண்ணிடம்கூட வேண்டாம். போனை யாருக்கும் கொடுக்காதே, படுக்கும்போது கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார். ராத்திரிப் பயணம் வேண்டாம், பகல் வண்டியிலேயே வா, அப்பா வந்து நிற்பார். திட்டிவிட்டேன் என்று மனசில் வைத்துக்கொள்ளாதே, என் கோபமெல்லாம் உன் மேல் இல்லை, கை நீட்டக்கூடிய தூரத்தில் வேறு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி உன் முடியை நீயே பின்னிக்கொண்டு நூறு வயது இரு என் தங்கமே. பத்தொன்பதாம் தேதி, காலை பத்தரை மணி, மறந்துவிடாதே.

இப்படிக்கு, எல்லாத் தாளையும் இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடும்

உன் அம்மா