செத்தவீட்டில் அவள் கேட்ட கேள்வி

சேர்,

இன்று காலை புதுச் சட்டத்தரணியின் அறையில் அந்த வழக்குக் கோவையைத் திறந்தபோது, முழங்காலுக்கு நீங்கள் பூசும் எண்ணெயின் மணம் எழும்பியது. ஐந்து மாதமாகியும் தாள் அதை விடவில்லை. சட்டத்தரணியான அந்த இளம்பெண் மூக்கைச் சுளித்து, "என்ன அக்கா, ஆசுப்பத்திரி மாதிரி மணக்குது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் கூட.

பதினெட்டு வருடம் உங்களுக்குத் தட்டெழுதியவள் நான். எந்த மனுவையும் கடைசி நாள் பின்னேரம்தான் போடுவீர்கள். உங்கள் கார் வந்து போனால்தான் கதவைப் பூட்டலாம் என்று பதிவாளர் அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். நான் முணுமுணுத்தால், "பொறு பிள்ளை, கடைசி நாளிலைதான் நல்ல யோசினை வரும்" என்பீர்கள். வந்ததும் உண்டு. அதனால்தான் நானும் பழகிப்போனேன்.

இந்தக் கோவை வல்வெட்டித்துறைப் படகுக்காரனுடையது. இரவல் கொடுத்த படகு கஞ்சாப் பொதிகளோடு பிடிபட்டது. "படகு என்ரைதான் சேர், ஆனா நான் அதிலை இல்லை" என்று முதல் நாள் சொன்னதையே கடைசி வரை சொன்னான். மேல் நீதிமன்றம் நம்பவில்லை. பத்து வருடம். வாசலில் அவன் மனைவி உங்கள் காலில் விழப் பார்த்தாள். "எழும்பு பிள்ளை. அப்பீலுக்குப் பதினாலு நாள் கிடக்கு, போடுவம்" என்றீர்கள். மனுவுக்கு மூன்று காரணங்கள் சொல்லி எழுதவைத்தீர்கள். நாலாவது ஒன்று இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்றீர்கள். அந்தப் பதினாலு நாளில் எட்டாம் நாள் விடியக் குளிக்கப் போய்க் கிணற்றடியிலேயே சரிந்துவிட்டீர்கள்.

மகள் கனடாவிலிருந்து வந்து சேரும் வரை உடலை வைத்திருந்தோம். தவணையின் பதினோராம் நாள்தான் அச்சுவேலி வீட்டில் உங்கள் செத்தவீடு. கோவைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை உங்கள் மனைவியின் கையில் கொடுத்தது நான்தான். அன்று சட்டத்தரணிகள் எவரும் நீதிமன்றம் போகவில்லை. கறுப்புக் கோட்டோடு முற்றம் நிறைய நின்றார்கள்.

பெட்டி மூடுவதற்குச் சற்று முன் படகுக்காரனின் மனைவி வந்தாள். பெண்களோடு இருந்து அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக் காதோடு கேட்டாள்.

"அக்கா, எங்கடை அலுவல்... இன்னும் மூண்டு நாள்தானே கிடக்கு?"

"செத்தவீட்டிலை கதைக்கிற கதையே பிள்ளை உது? எட்டாம் நாள் சடங்கு முடியட்டும், வா."

கண்டித்துத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "ஓம் அக்கா, பிழைதான்" என்று எழும்பிப் போய்விட்டாள்.

மறதியில் அப்படிச் சொல்லவில்லை, சேர். மூன்று நாள் என்று எனக்கும் தெரியும். ஆனால் உங்களுக்காக நீதிமன்ற வேலையே அன்று நின்றதே, தவணையும் நிற்கும் என்று நம்பிவிட்டேன். இத்தனை வருடம் சட்டத்தைத் தட்டெழுதியவளின் அறிவு அவ்வளவுதான். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. சிறையில் இருப்பவர் தானே ஒரு தாளில் எழுதிச் சிறை அதிகாரியிடம் கொடுத்தாலும் அது மேன்முறையீடுதான். வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் அதைச் சொல்லிக்கொடுப்பதை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும், சொல்லவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் திறப்பை வாங்கி, கோவையை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடினேன். "நாள் போயிட்டுது அக்கா. இனி நாங்கள் எடுக்கேலாது" என்றார்கள், அதே பகிடிக்காரர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்போது புதுச் சட்டத்தரணி கொழும்புக்கு மீளாய்வு மனு போடுகிறார். ஏன் பிந்தியது என்று நாள் நாளாகக் காட்டினால்தான் எடுத்தே பார்ப்பார்களாம். இல்லாவிட்டால் அவன் பத்து வருடமும் உள்ளேதான். அதற்கு, நடந்தது இதுதான் என்று நான் சத்தியம் செய்து ஒப்பமிடும் சத்தியக்கடதாசி வேண்டும். அவர் எழுதிய வரைவில் நீங்கள் திடீரென்று இறந்தது மட்டும் இருந்தது.

"அந்த மூண்டு நாளும் படகுக்காரன்ரை மனுசி ஏன் வரேல்லை எண்டு கேட்டால் என்ன அக்கா சொல்லுறது?"

"அவ வந்தவ. நான்தான் திருப்பி அனுப்பினனான். அப்பிடியே எழுதுங்கோ" என்றேன்.

நேற்று உங்கள் மனைவி தொலைபேசியில் அழுதார். "அவர் மனுவைக் கடைசி நாள் மட்டும் இழுத்து வைச்சிருக்கிறவர் எண்டு எழுதிப் போடாதை பிள்ளை. போன மனுசன்." அதையும் எழுதினேன், சேர். எழுதாவிட்டால் முதல் எட்டு நாளும் மனு ஏன் சும்மா கிடந்தது என்பதற்கு மறுமொழி இல்லை. உங்கள் மேல் உள்ள கோபத்தில் எழுதவில்லை என்று சொல்லத்தான் ஆசை. கொஞ்சம் கோபமும் இருந்தது.

கையெழுத்து வைத்தேன். பக்கத்தில் இருந்த படகுக்காரனின் மனைவி தாளை வாங்கி, விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள். நான் திருப்பி அனுப்பிய வரியில் விரல் நின்றது. இன்றைக்கு ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். விழுந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அக்கா, இதிலை ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தருவியளே?"

"ஏன் பிள்ளை?"

"அவருக்குக் காட்டத்தான். நான் அலுவலைப் பார்க்காமல் அசண்டையா இருந்திட்டன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். பார்க்கப் போற நேரமெல்லாம் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு நிக்கிறார். ஐஞ்சு மாசமா ஒரு கதையில்லை."

"நான் சொன்னதை நீ அவருக்குச் சொல்லேல்லையே?"

"செத்தவீட்டிலை போய் உதைக் கேட்டனான் எண்டு எந்த முகத்தோடை அக்கா சொல்லுறது?"

இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு சிறைச்சாலைக்குப் போனாள். மற்றது என் கைப்பையில் இருக்கிறது. கொழும்பில் என்ன சொல்வார்களோ தெரியாது. இனி எந்தச் செத்தவீட்டில் யார் என் கையைப் பிடித்துக் கேட்டாலும், பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று மறுமொழி சொல்லுவேன், சேர். யார் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை.