மகா எந்த வீட்டின் கீழ்?

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் சமூகத்துக் குடும்பங்களின் பெயர்ப் புத்தகம், அந்த டைரக்டரி வேலையை ஏன்தான் ஒப்புக்கொண்டேனோ. காக்கநாட்டு ஆபீஸில் பகல் முழுக்க யார் யாருடைய புத்தகங்களையோ கணினிக்கான எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஆக்குகிறேன். மட்டாஞ்சேரியில் அப்பா வீட்டுக்குத் திரும்பினால் இது. ஒவ்வொரு வீடும் ஒரு கிளை. தலைவர் பெயர் மேலே, மற்றவர்கள் கீழே. கல்யாணமாகிப் போன பெண்களை அப்பா வீட்டிலிருந்து எடுத்துப் புருஷன் வீட்டில் சேர்க்க வேண்டும்.

நான்? இன்னும் தேவரா வீட்டில், புருஷனாக இருந்த சங்கர்ராமுக்குக் கீழே. எனக்குக் கீழே என் பெண் மகா. விவாகரத்துத் தீர்ப்போ என் பீரோவில் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

வெங்கிடாசலம் மாமாவின் மூன்று பெண்களில் நடுப்பெண் மட்டும் நகரவில்லை. மூத்தவளை எடுத்ததும் வரிசை நெருங்கி நடுப்பெண் முதலிடத்துக்கு வந்துவிடுகிறாள். என் நிரலோ இரண்டாம் இடத்தைப் பார்க்கிறது. கத்துக்குட்டித் தப்பு! பெண்கள் தீரும்வரை முதலில் நிற்பவளையே எடு என்று மாற்றினேன்.

எடுப்பவர்களை ஒரு ஃப்ராக்மென்டில் வைக்கிறேன். எந்த வீட்டையும் சேராத, கனமில்லாத கூடை. புது வீட்டில் கொட்டினால் ஆட்கள் உள்ளே போவார்கள், கூடை வெளியிலேயே நின்றுவிடும். நகல் கிடையாது. ஒரு பெயர் ஓரிடத்தில்தான்.

ஜூன் 8, ஞாயிறு

சமூகத்துச் செயலாளர் வெங்கிடேஸ்வரன் மாமா வந்தார். சாயாவை ஆற்றிக்கொண்டே, "நீ அப்பா ஆத்துக்கு வந்துக்கோ. கொழந்தை அவா ஆத்திலயே இருக்கட்டும். அதாக்கும் முறை, கேட்டியா?"

என்னை நகர்த்தினால் மகாவும் தானாகவே கூட வந்துவிடுவாள். விட்டுவிட்டு வர வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அதையும் நானே எழுதணுமாம். என்ன மனுஷர் இவர்!

அவர் போனதும் அம்மா: "நிகிலுக்கு வரன் பாக்கறோம். பொண்ணாத்துக்காரா இந்தப் புஸ்தகத்தைப் பாத்துதான் விசாரிப்பா. உன் பேர் இப்போவே இந்த ஆத்துல வரணுமா?"

தம்பிக்காக. புரிகிறது. ஆனால் நான் இந்த வீட்டில்தானே தூங்குகிறேன்?

ஜூன் 9, திங்கள்

எங்கள் இருவரையும் தேவராவிலிருந்து எடுத்துக் கூடையில் வைத்துவிட்டேன். எங்கே கொட்டுவது? இதே யோசனையில் பஸ்ஸை விட்டு வைட்டிலாவில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டாப்பிலிருந்து மழையில் திரும்பி நடந்தேன்.

ஜூன் 12, வியாழன்

மாமா அவசரப்படுத்தினார் என்று மாதிரிப் பிரதியை அனுப்பினேன். உடனே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். நாங்கள் எங்குமே இல்லை. கூடையில் இருப்பது கோப்பில் சேராது — தெரிந்ததுதானே, எப்படி மறந்தேன்?

அம்மா போனில் பக்கங்களைத் தள்ளித் தள்ளித் தேடினாள். "ரெண்டு பேரையுமே காணலையேடி." போனைக் கீழே வைத்தாள். "இங்கயே போட்டுக்கோ. நிகிலுக்கு வரது வரட்டும்."

அழுதுவிட்டேன். "வேண்டாம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 14, சனி

கோப்பில் புதிதாக ஒரு வீடு திறந்து கூடையைக் கொட்டினேன்.

மாமா பார்த்துவிட்டு, "இதென்ன, ஆம்பளைப் பேரே இல்லாத வீடு?" என்றார்.

"இருக்கற ரெண்டு பேரையும் போட்டிருக்கேன், மாமா."

ஜூலை 20, ஞாயிறு

டைரக்டரி அச்சாகி வந்துவிட்டது. மகாவுக்கு மலையாளம்தான் சரளம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். தன் பெயரைத் தானே கண்டுபிடித்துவிட்டு, விரலை மேலே நகர்த்தித் தலைவர் பெயரில் நிறுத்தினாள்.

"ஸு... ப்ரி... யா. அம்மா, இது நீயல்லவோ!"

"ஆமா."

"அப்போ நம்ம வீடு எங்க இருக்கு?"

நாளை சாயங்காலம் தோப்பும்படியில் ஒரு வாடகை வீடு பார்க்கப் போகிறோம். எந்த அறை தனக்கு என்று மகா இப்போதே கேட்கிறாள்.