தேர்தலில் தோற்றவரின் கல்வெட்டு

அண்ணாச்சி,

இன்று மதியம் கிரவீனில் இருக்கிற உங்கள் மகன் வீட்டுக்குப் போகிற வழியில் சிக்னலில் நின்றேன். காரின் கண்ணாடி இறங்கியிருந்தது. பாண் வேகும் வாசனை உள்ளே வந்துவிட்டது. பிரெட் என்று சொல்லிக்கொண்டிருந்த என்னைப் பாண் என்று சொல்ல வைத்தவர் நீங்கள். நீங்கள் வேலை பார்த்த அந்தப் பாண் தொழிற்சாலை வாசலில் எத்தனை மாலைகள் உங்களுக்காகக் காத்திருந்திருப்பேன்! பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். நாம் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் லேசில் ஹார்ன் அடிக்க மாட்டார்கள். அவ்வளவு நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்து இருக்கையில் என் லேப்டாப் இருந்தது. அதற்குள் உங்கள் வாழ்க்கை. உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்க நான் எழுதியது. இறந்தவர் பிறந்ததிலிருந்து போனது வரை எழுதி, தேவாரங்களும் சேர்த்து, வந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகமாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கிடையாது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் நீங்கள் அதைக் கல்வெட்டு என்பீர்கள். தெரிந்தவர் வட்டத்தில் யார் போனாலும் அதை எழுதியது நீங்கள்தான். நீங்கள் போனால் யார் எழுதுவது என்று நாங்கள் ஒருவரும் யோசித்து வைக்கவில்லை.

"அங்கிள், நீங்கள்தான் எழுதோணும்" என்றான் உங்கள் மகன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்தான். "பாண் ஃபக்ரறி வேண்டாம் அங்கிள். லோயர் எண்டு மட்டும் போடுங்கோ. ப்ளீஸ்."

என்னை எந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்று பார்த்தீர்களா? வக்கீல் என்று மட்டும் போடுங்கள் என்று பையன் சொல்வதைக் கேட்காமல் இருக்க முடியாது. கேட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். இந்த வழக்கில் உங்கள் தரப்பு வாதம் எனக்கு வரிக்கு வரி தெரியும். எல்லாம் ஒரு அமெரிக்கரால் வந்தது.

நாம் பழகியதே அவரால்தானே. பெண்டில் ஹில் மண்டபத்தில் மாதக் கூட்டம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் முறை வந்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞர், அரசியல்வாதி என்று அறிவித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த நெட்டை ஜனாதிபதிதான் என்று நாங்கள் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தோம். நீங்களோ யாரும் கேள்விப்படாத ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அதுவும் எப்படித் தொடங்கினீர்கள்!

"அமெரிக்காவின் மலையடிவாரக் கிராமம் ஒன்றைப் பிறப்பிடமாகவும், பக்கத்துச் சிறுநகரத்தை வதிவிடமாகவும் கொண்ட, ஏழை விவசாயத் தம்பதியரின் அன்பு மகனும்..."

உங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரண அறிவித்தல் வானொலியில் இப்படித்தான் வரும் என்று பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தாமதமாக வந்த ஒரு அம்மா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், "ஐயோ பாவம், என்ன வருத்தம் வந்து செத்தவராம்? எப்ப எடுக்கினம்?" என்று கேட்டார்.

"எடுத்து நூறு வருசத்துக்கு மேலை ஆகுது அக்கா" என்றீர்கள் நீங்கள்.

"அப்ப ஏன் இப்ப சொல்லுறியள்?"

அதற்குப் பிறகு கூட்டம் அடங்கவே நேரமாகிவிட்டது. ஆனால் நீங்கள் பேசி முடித்தபோது யாரும் கைதட்டவில்லை. உங்கள் அமெரிக்கர், இன்னொரு வழக்கறிஞரின் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கி, அவருடைய புத்தகங்களையே இரவல் வாங்கிப் படித்துச் சட்டம் கற்றவர். நீதிபதியோடு ஊர் ஊராகக் குதிரையில் போய், சத்திரங்களில் நடக்கிற கோர்ட்டில் வாதாடியவர். படிப்படியாக ஏறி நாடாளுமன்றம் வரை போனவர். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, தன் கட்சியையே எதிர்த்து வாக்களித்தார். அடுத்த தேர்தலில் சொந்த ஊர்க்காரர்களே அவரைத் தோற்கடித்தார்கள். திரும்பி வந்து, பழைய பெயர்ப்பலகையைத் துடைத்து மாட்டி, வேலித் தகராறும் பசு மாட்டு வழக்கும் பார்த்துக்கொண்டு செத்துப்போனார்.

பிறகு உங்கள் குசினியில், அதாவது சமையலறையில், தேநீர் குடித்துக்கொண்டு அதற்காகவே உங்களோடு சண்டை போட்டேன். "அண்ணாச்சி, அந்த ஓட்டுப் போட்டதோட நிறுத்தியிருக்கலாம். அங்க கைதட்டியிருப்பாங்க. பசு மாட்டுக் கதை எதுக்கு?"

"அவரைப் பற்றிப் புத்தகம் எழுதினவனும் உங்களை மாதிரித்தான் ஐசே. தோத்த பிறகு வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார் எண்டு ஒரு வரி. மாட்டு வழக்கெல்லாம் நான் வேறை இடத்திலை தேடிப் பிடிச்சது. அந்த ஒரு வரிக்குள்ளை அந்த மனுசன்ரை பாதி ஆயுள் கிடக்கு. அதைச் சொல்லாட்டி அவர் சிலைதான், ஆள் இல்லை."

உங்களைப் பற்றி அன்றுதான் முதல்முதலாகச் சொன்னீர்கள். யாழ்ப்பாணத்துக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நின்றது. ராணுவம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்காகப் பேசியது. பேச வேண்டாம் என்று வீட்டுக்கு ஆள் வந்தது. இந்த நாட்டுக்கு வந்தால், மறுபடி படித்துப் பரீட்சை எழுதினால்தான் வழக்கறிஞர் என்றார்கள். பிள்ளைகள் படிக்கிற வயது. நீங்கள் பாண் தொழிற்சாலைக்குப் போனீர்கள். இதைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு குறையும் இல்லை. நான்தான் தேநீரை ஆறவிட்டுவிட்டேன். நீங்கள் என் தட்டில் இன்னொரு பாண் துண்டை வைத்து, "இது எங்கடை ஃபக்ரறி பெல்ற்றிலை வந்தது, சாப்பிடுங்கோ" என்றீர்கள்.

இன்று உங்கள் மகன் கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "போட்டிட்டியள், என்ன?" என்றான்.

"போட்டிருக்கேன்ப்பா. நீ சொன்னா எடுத்திருதேன். உனக்கு அது கவுரவக் குறைச்சலா?"

"சீச்சீ. அதில்லை அங்கிள்." கதிரையில் உட்கார்ந்தான். "அப்பா கோர்ட்டிலை நிண்டு பேசின ஆள். எங்களைப் படிப்பிக்கத்தான் தலையிலை அந்த ஃபக்ரறி வலைத் தொப்பி போட்டவர். வேலையாலை வந்து ஒண்டும் கதைக்காமல் படுத்திடுவார். அதை அச்சிலை பாத்தா என்னாலை தாங்கேலாது."

நான் தயாரித்து வைத்திருந்த வாதத்தை எடுத்து வைத்துப் பயனில்லை, அண்ணாச்சி. உங்கள் பேச்சுத் திறமை எனக்கு ஏது. அதனால் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

கார் ஓட்டப் பழக மாட்டேன் என்று நீங்கள் அடம்பிடித்ததால்தானே நான் அந்த வாசலில் வந்து நின்றேன். ஒரு நாள் நீங்கள் வெளியே வரும்போது, ஒரு பக்கம் வியட்நாம்காரப் பெண், மறுபக்கம் லெபனான்காரர். இரண்டு பேரும் உங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு வந்தார்கள். மைக்ரோவேவில் யார் சாப்பாடு முதலில் சூடாக வேண்டும் என்று வழக்கு. மதிய உணவு மேசையில் நீங்கள் விசாரித்துத் தீர்ப்பும் கொடுத்தாயிற்று. தோற்றவருக்குத் திருப்தியில்லை. நீங்கள் கையை உயர்த்தி, அப்பீல் நாளைக்குத்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். இருவரும் சிரித்துவிட்டார்கள். "பை, லோயர்!" என்று கத்திக்கொண்டு போனார்கள். காரில் ஏறியும் உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தினமும் அங்கே ஏதாவது வழக்கு நடக்கும், தினமும் எனக்குக் கதை கிடைக்கும் என்று அவனிடம் சொன்னேன்.

உங்கள் மகன் என்னையே பார்த்தான். "டாட் வாஸ் ஹேப்பி தேர்?"

"நாள் முழுக்கன்னு பொய் சொல்ல மாட்டேன்ப்பா. இடுப்பு வலிக்குன்னு சொல்லுவாரு. வீட்டுக்கு வந்தா அசதியில பேச்சு வராது, அதான் நீ பாத்தது. ஆனா அந்த வாசல்ல சிரிக்காம வெளிய வந்து நான் பார்த்ததில்ல."

முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். "போடுங்கோ. அந்த மைக்ரோவேவ் வழக்கையும் போடுங்கோ." தேவாரத்துக்கு முன்பக்கத்தில் மைக்ரோவேவ் வழக்கு வரும் முதல் கல்வெட்டு உங்களுடையதாகத்தான் இருக்கும்.

புறப்படும்போது கார் வரைக்கும் வந்தான். உங்கள் அமெரிக்கரின் கதை அவனுக்கும் தெரிந்திருந்தது. "அங்கிள், அப்பான்ரை அந்த அமெரிக்கனுக்குப் பிள்ளையள் இருந்தவையோ?"

"தெரியலப்பா. அப்பா சொல்லல. நானும் கேட்கல."

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். "பசு மாட்டு வழக்கிலை தங்கடை தகப்பன் சிரிச்சவர் எண்டு, அவைக்கு ஆராவது சொல்லியிருப்பினமோ?"

உங்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது, அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறேன்.